வேலியில் மாட்டிய சட்டை

மனித வாடைக்கு மான் அண்டாமலிருக்க, வேர்வையில் ஊறிய சட்டையை பீன்ஸ் தோட்டத்து வேலியில் மாட்டிவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார் அவள் கணவர். சாலை வளைவில் மான் கூட்டம் பைக்கின் குறுக்கே பாய்ந்தது. வீட்டுக்கு உடல்தான் வந்தது.

அந்த பீன்ஸ்தான் இனி அவளுக்குச் சோறு. மழைக்காலம் முழுக்க மான்கள் ஊருக்குள் புகுந்து பூந்தொட்டிகளைக்கூட மேய்ந்தன. கொழுந்தன் வயலில் வெறும் தண்டுதான் மிச்சம். அவள் தோட்டத்தில் மட்டும் ஓர் இலைகூடக் குறையவில்லை.

"அண்ணி, இத்தனை மழையில அண்ணன் வாசனை எங்க இருக்கும்? என் சட்டையை மாட்டுறேன்."

"உனக்கு உன் பொண்டாட்டியே பயப்படமாட்டா, மானா பயப்படப்போகுது? போப்பா, உங்க அண்ணன் பாத்துக்குவார்."

கடைசிக் காயையும் பறித்த பிறகு சட்டையை எடுத்தாள். வெயிலில் கைகளும் காலரும் மொரமொரவென்று காய்ந்திருந்தன. முதுகுப் பக்கம் மட்டும், அப்போதுதான் கழற்றியதுபோல, வேர்வையில் நனைந்திருந்தது.