முதல் வரி போதும்

கண்ணாடி அறைக்குள் வினோலியா முதல் வரியைப் பாடி முடித்ததுமே மைக் அணைந்துவிட்டது. மிச்சப் பாட்டை ஸ்டுடியோவின் கன்சோல் இயந்திரமே அவள் குரலில் பாடிக்கொள்ளும். அவளுடைய பழைய ஆல்பங்களையெல்லாம் கேட்டுப் பழகிய கன்சோல் அது.

"அண்ணே, கடைசி வரிய மட்டும் நானே பாடிடுறேண்ணே," என்று கெஞ்சினாள்.

"எதுக்கும்மா? உன்னவிட நல்லாவே முடிச்சிருக்கு," என்றார் வெளியே உட்கார்ந்திருந்த பிரடியூசர் தயாளன்.

அவள் எழுதிய பாட்டின் கடைசி வரியில்தான் தன் தம்பி ரெக்ஸை அழைத்திருந்தாள். அவர்களுடைய ராக் குழுவின் கிதார்காரன். அவன் வாசிக்காமலே அவன் கிதாரைக் கன்சோல் வாசித்துக் காட்டிய அன்று எழுந்து போனவன், ஒரு வருஷமாக வீடு திரும்பவில்லை. எங்காவது டீக்கடையில் இந்தப் பாட்டு அவன் காதில் விழாதா என்ற நப்பாசை அவளுக்கு. கன்சோலோ அந்த இடத்தில் யாரோ ஒரு காதலனைக் கொஞ்சி முடித்திருந்தது.

முதல் வரியை மட்டும் அவள் பாடியபடியே எடுத்துக்கொள்கிறதுதானே?

"இன்னொரு டேக் போங்கண்ணே."

மைக் உயிர்பெற்றதும் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "ரெக்ஸு, எங்கடா இருக்க? வீட்டுக்கு வாடா!"

ஸ்பீக்கரில் அந்தக் குரல் அப்படியே வந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல் கன்சோலிலிருந்து ஒரு கிதார் எழுந்தது. கம்பியைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிடும் ரெக்ஸின் அதே கை.

தயாளன் கைதட்டினார். "பின்னிட்ட போ! அக்கா கூப்பிட்டதும் தம்பி வந்து நின்னுட்டான் பாரு!"

வினோலியா இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். எங்கோ ஒரு டீக்கடையில் ரெக்ஸ் இதைக் கேட்பான். அக்காவின் குரல் கேட்டு எழுந்தும் நிற்பான். அடுத்த நொடியே, எந்தக் கிதாரைக் கேட்டு ஓடினானோ அதையே கேட்பான்.