வலது பாதி

"கைக்கு அடங்கினாத்தான் அது கருவி. அடங்கலேன்னா..."

லேத் பட்டறையில் இருந்த மாமனார் இப்படி ஏதோ சொல்வார். அடங்காவிட்டால் அது பாரமா, பகையா என்பது கடைக்காரருக்கு மறந்துவிட்டது. முதல் பாதி மட்டும் காலையிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

காரணம், கடை மேசையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த புது வீடியோ கேம் கன்ட்ரோலர்.

பழைய மாடல் இரண்டு துண்டாக வரும். இடது கைக்கு ஒரு பாதி, வலது கைக்கு ஒரு பாதி. "குளிக்கிறப்ப ரெண்டு கையிலயும் சோப்பைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று திட்டாத வாடிக்கையாளர் இல்லை. கம்பெனிக்காரனுக்கு ஒருவழியாகப் புத்தி வந்து, அந்தக் காலத்து வடிவத்திலேயே ஒற்றைத் துண்டாகச் செய்து அனுப்பிவிட்டான்.

கலகலவென்று வந்தவர்கள் அதைக் கையில் எடுத்ததும் வாயடைத்துப் போனார்கள். ஒரு பஸ் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம வீட்டுச் சாவி நம்ம கைக்கு வந்த மாதிரி இருக்குங்க" என்றார். ஒரு பல் டாக்டர் திரையைப் பார்க்கவே இல்லை. தன் கட்டைவிரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவை வேறு யாருடையவோ போல. வரிசையில் நின்றவர்கள்கூட அவரை அவசரப்படுத்தவில்லை.

வீடியோவில் விமர்சனம் பேசுகிற 'கண்ணாடி' மட்டும் போனைப் பார்த்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"மக்களே, உலகத்துல இருக்கிற அத்தனை கைக்கும் இது பொருந்தும். பழசைக் கொண்டுவந்து தொட்டியில கொட்டுங்க. இது மட்டும் கையில இருந்தா, அந்தக் கரையானையே நான் தோற்கடிச்சுடுவேன்."

கரையான் என்பது இணையத்தில் ஓர் ஆட்டக்காரரின் பட்டப்பெயர். முகம் காட்டியதில்லை, குரல் கேட்டதில்லை. சத்தமில்லாமல் எதிராளியை அரித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். முதல் இடம் எப்போதும் அவருக்கு. கண்ணாடிக்கு அதற்கடுத்த படி.

"நீ இப்பத்தான் வாங்கறே. கரையான் எப்பவோ வாங்கியிருப்பாரு" என்றது வரிசையில் ஒரு குரல்.

"அவர் கைக்கு அளவெடுத்தே செஞ்சிருப்பாங்கப்பா."

கடைக்காரரின் கவனம் அங்கே இல்லை. கையில் ஹெல்மெட்டோடு வந்த ஒரு பெண், பழைய ஜோடிகளைப் போட்டுவைத்திருந்த தொட்டிக்குள் கைவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பழைய ஜோடியைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி. காலையில் ஒருத்தன் தொட்டியிலிருந்தே ஒரு ஜோடியை உருவி, தன்னுடையது என்று நீட்டியிருந்தான். இவளும் அந்த ரகம்தான் என்று பட்டது.

"என்னம்மா தேடறீங்க?"

"வலது பாதி சார். பட்டன் நல்லா அழுந்தணும்."

"அதெல்லாம் விக்கறதுக்கில்லை. சாயந்திரம் கம்பெனி வண்டி வரும். ஜோடி ஜோடியா எண்ணி ஏத்திட்டுப் போய் நொறுக்கிடுவாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் என் தலையிலதான் விழும்."

அவள் கை தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இனிமே இதைச் செய்யவே மாட்டாங்களாமே சார்."

"அதான் புதுசு வந்திருக்கே. பிடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

பிடித்துப் பார்த்தாள். பிறகு, தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவதுபோல மெதுவாக மேசையில் வைத்தாள்.

"ரொம்ப அருமையா இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு ஆகாது. பழசுலயும் அவருக்கு வலது பாதிதான் தேஞ்சு தேஞ்சு போகுது. வீட்டுல கடைசியா ஒண்ணு இருந்துச்சு, நேத்து அதுவும் போயிடுச்சு."

"என்னக்கா பண்றாரு? கால்ல போட்டு மிதிக்கிறாரா?" என்றான் கண்ணாடி. வரிசை முழுக்கச் சிரித்தது.

"ஆமா தம்பி" என்றாள் அவள்.

வாசலைப் பார்த்துக் கையசைத்தாள். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். சட்டையின் வலது கையைத் தோள்வரை மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

"எதுக்குடி இத்தனை பேர் நடுவுல?"

"சும்மா உட்காருங்க. சார், கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். ஒரே ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்துக்கட்டும்."

கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

வந்தவர் செருப்பைக் கழற்றினார். தொட்டியிலிருந்து ஒரு ஜோடியில் இடது பாதியைக் கையில் எடுத்துக்கொண்டார். வலது பாதி தரையில், வலது காலுக்கு அடியில். மனைவி குனிந்து அவருடைய கணக்கைத் திறந்துகொடுத்தாள்.

காலையிலிருந்து கடைத் திரையில் ஒருத்தரும் தாண்டாத கட்டம் அது. பஸ் டிரைவர் இரண்டாவது வளைவிலேயே கவிழ்ந்திருந்தார். கண்ணாடி பாலம்வரை போயிருந்தான். இவர் பாலத்தைத் தாண்டினார், கோட்டைக்குள் நுழைந்தார். ஆர்மோனியக் கட்டைமேல் ஓடுகிற விரல்களைப் போலக் கால்விரல்கள் ஓடின. திரையைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா என்று தெரியாமல் கடையே திண்டாடியது.

ஆட்டம் முடிந்தது. வென்றவர் பெயர் திரையில் வந்தது.

கரையான்.

யாரும் கை தட்டவில்லை. தட்ட வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடியின் போன் எப்போதோ தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அவன் மெல்ல அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"அண்ணே... அந்தப் பாலத்துத் திருப்பத்துல, எந்த விரல்?"

"சுண்டு விரல்" என்றார் அவர், வெட்கத்தோடு.

சாயந்திரம் கம்பெனி வண்டி வந்தது. கடைக்காரர் இடது பாதிகளை மட்டும் எண்ணி ஏற்றி அனுப்பினார்.