மூடினா அணையுதா?

"இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா வேலை செய்யறான்? வாய்தான் காது வரைக்கும் நீளுது!" என்றார், கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார்.

அலமாரிக்குள் தலையை விட்டிருந்த எலக்ட்ரீசியன் திரும்பவே இல்லை. வந்ததிலிருந்து முதுகுக்குப் பின்னால் இதே பாட்டுதான்.

"முன்னாடி வந்தவனும் இப்படித்தான் அளந்தான் தம்பி. அலமாரிக் கதவைத் திறந்தா விளக்கு எரியும், மூடினா அணையும்னான். மூடின பிறகும் உள்ள எரிஞ்சுக்கிட்டே கிடந்திருக்கு. பேத்தி தூங்குற அறை! போர்வை பொசுங்குற நாத்தம் என் மூக்குக்கு எட்டப் போய்த் தப்பிச்சோம்."

"மாமா சரின்னு சொன்னாத்தான் பாப்பாவை மறுபடி இந்த அறையில படுக்க வைக்க முடியும். அதுவரைக்கும் விடமாட்டார்" என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

"அது குண்டு பல்புங்க ஐயா. துணியில ஒட்டுற மாதிரி வச்சிருக்கான். வயரைக் கதவுக் கீல்ல நசுங்க விட்டிருக்கான். நான் எல்.ஈ.டி. பட்டை போட்டிருக்கேன். கரண்ட்டைக் குறைக்கிற டப்பா அலமாரிக்கு வெளியில, காத்தாட இருக்கு. உள்ள வர்றது வெறும் பன்னெண்டு வோல்ட். வயர் கீல் பக்கமே போகல."

"கதை பிரமாதம். மூடினா அணையுதா?"

கதவு மூடும்போது அழுந்துகிற, கதவுச் சட்டத்தில் இருந்த சுவிட்சை எலக்ட்ரீசியன் விரலால் அழுத்தினான். 'டிக்'.

"அணைஞ்சிருச்சு."

"அது சுவிட்ச் சத்தம். பழசும் இப்படித்தான் டிக்குன்னுச்சு."

"அணையுது மாமா, நானே பாத்தேன்."

"நீ அன்னிக்கும்தான் பாத்தே!"

எலக்ட்ரீசியனுக்கு ரோஷம் வந்தது. செல்போனில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்தான். கதவை மூடினான், திறந்தான். போனை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினான். "மூடினதும் ஒரே இருட்டு. இந்தாங்க."

யாரும் வாங்கவில்லை.

"போன்ல படம் காட்டி ஊரையே ஏமாத்தறானுங்க. நான் தொட்டுத்தான் பாப்பேன்."

மீதி இருந்த திருகாணியை முறுக்கக் குனிந்தான் அவன். தலைக்கு மேலே ஒரு கை நீண்டது. உள்ளங்கை விளக்குப் பட்டையில் பதிந்து, வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"இப்போ எரியுதா?"

"பளிச்சுனு எரியுதுங்க."

"சூடே இல்லையே?"

"அதாங்க இதோட விசேஷம். எத்தனை நேரம் எரிஞ்சாலும் துணி பொசுங்காது. இனிமே பயமே வேண்டாம்."

"பழைய பல்புன்னா தொட்டதும் தெரியும். எரியுதா, அணைஞ்சுதான்னு கை சொல்லிடும். இதுல ரெண்டும் ஒண்ணாயிருக்கு. பச்சைத் தண்ணி மாதிரி இருக்கிறதை எரியுதுங்கறே, அதுவே அணைஞ்சிருச்சுங்கறே. நான் எதை நம்பறது?"

எலக்ட்ரீசியன் முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். செல்போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"பாப்பா என்கூடவே தூங்கட்டும்" என்றார் பெரியவர். சுவரில் சாய்ந்திருந்த வெள்ளைக் கோலை மருமகள் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதைத் தரையில் தட்டித் தட்டி, "எனக்கு நம்பிக்கை இல்ல" என்று முனகிக்கொண்டே வெளியே நடந்தார்.