கடைசி வகுப்பில் இரண்டு நாரைகள்

அக்கரையில் ஒரு நாரை நனைந்துகொண்டிருந்தது. இக்கரை நாரை ஏதாவது சொல்ல வேண்டும். வகுப்புக் கதையில் இக்கரை நாரை வேஷம் தையல்காரிக்கு.

நூலகத்து மாடியில் லத்தீன் வகுப்பு. உள்ளே வந்துவிட்டால் வேறு மொழியில் வாயைத் திறக்கக் கூடாது. இலக்கணம் கிடையாது, பள்ளிக்கூட வாசகங்கள், பழமொழிகள், பிராணிக் கதைகள், அவ்வளவுதான் பாடம். எல்லோரும் தூக்கத்தில் பேசுவது போல மெதுவாகப் பேசினார்கள்.

சீருடைகளில் பள்ளிச் சின்னம் தைப்பது அவள் தொழில். சின்னத்தில் தைக்கிற லத்தீன் எழுத்துக்கு என்னதான் அர்த்தம் என்று தெரிந்துகொள்ளச் சேர்ந்தாள். ஒரு பள்ளிக்கு ‘ஒளி’, இன்னொன்றுக்கு ‘முன்னேறு’. இத்தனை வருஷம் இவ்வளவு அறிவுரையையா தைத்துத் தள்ளினோம் என்று சிரிப்பு வந்தது.

எதிர் நாற்காலியில் பஸ் ஓட்டுநர். பஸ் ஓட்டுகிறவருக்கு லத்தீன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் லத்தீன் வரவில்லை.

முதல் நாள் அவர் உள்ளே வந்தபோது எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். வாத்தியாரம்மா விடவில்லை; இருவரையும் ஜோடியாக உட்காரவைத்துவிட்டார். அதிலிருந்து கதைகளில் அவர் நரி, இவள் கோழி. அவர் எருது, இவள் ஈ. அவர் திக்கித் திக்கிப் பேசுவார். இவள் காத்திருப்பாள்.

வகுப்பு நாட்களில் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். இந்த வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அந்த மொழியில் அவள் யாரையும் திட்டியதில்லை. திட்டுவதற்குச் சொல்லே தெரியாது. ஆறு, கூடு, மழை, பறவை, இவைதான் தெரியும்.

இன்று கடைசி வகுப்பு. இன்று விட்டால் அவரிடம் சொல்ல வேறு இடமில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

கதையில் இரண்டு நாரைகள் ஒரு சுள்ளிக்காகச் சண்டை போட்டன. ஒன்று கோபித்துக்கொண்டு அக்கரைக்குப் போனது. மழை பிடித்துக்கொண்டது. ‘நன்றாக நனை’ என்று இக்கரை நாரை சொல்வதாகப் புத்தகத்தில் இருந்தது.

அவள் புத்தகத்தை மூடினாள். தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கூடு பெரியது. மழை பெய்கிறது. நீ வா.

வாத்தியாரம்மா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு வரி அதில் இல்லை. ஓட்டுநர் தொப்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. தெரு விளக்குகள் தரைத் தண்ணீரில் அசைந்தன. பின்னால் கொஞ்சம் தள்ளிக் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் அது நின்றுவிடுமோ என்று அவள் பார்க்காமலே நடந்தாள். பேக்கரி, சந்து, மாடிப்படி. சத்தமும் கூடவே ஏறியது.

வாசலில் கைப்பைக்குள் துழாவினாள். சாவி அகப்படவில்லை.

பக்கத்தில் வந்து நின்றவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். தயங்கித் தயங்கிப் பூட்டில் விட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது.

“பூட்ட இன்னுமா மாத்தல நீ?”

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சண்டை போட்ட மொழியில்தான் கேட்டார். அவள் கதவை அகலமாகத் தள்ளிவிட்டாள்.