மூன்றாம் நாள் வகுப்பு

"சிலுவை சாருக்கு மட்டும் சான்றிதழை நிறுத்தி வை" என்றாள் நந்தனா.

ஜிபின் வாயில் மண்டையப்பம். முந்தாநாள் மண்டைக்காட்டு அம்மன் கோயிலிலிருந்து நந்தனா கொண்டுவந்த பிரசாதம். அவசரமாக விழுங்கினான். நாகர்கோவிலில் அந்தக் கல்லூரியின் கணினி உதவியாளன் அவன். பேராசிரியை நந்தனா நடத்தும் ஐந்து நாள் பயிலரங்கத்துக்கு வலது கை. ஆன்லைனில் பாடம் நடத்துவது எப்படி என்று கல்லூரி ஆசிரியர்கள் நூற்றிருபது பேருக்கு ஆன்லைனிலேயே பாடம். இன்று கடைசி நாள்.

"ஏன் மேடம்? அஞ்சு நாளும் அட்டெண்டன்ஸ் இருக்கே."

"அட்டெண்டன்ஸ் ஆருக்குத்தான் இல்லை? உள்ள நுழைஞ்சு, மைக்கையும் காமிராவையும் அணைச்சிட்டு, போனை அரிசிப் பானை மேல வச்சிட்டுச் சந்தைக்குப் போனாலும் அட்டெண்டன்ஸ் விழும். கடைசில ஒரு படிவத்தை நிரப்பினா சான்றிதழ். எனக்குத் தெரியாத வித்தையா?"

நந்தனா அப்படித்தான். திரையில் முகம் இல்லாமல் வெறும் பெயர் தெரிந்தாலே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். நேற்று திடீரென்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். பதினோரு பேரிடமிருந்து சத்தமே இல்லை. எல்லாரும் துறைத் தலைவர்கள், நாளைக்குத் தேவைப்படுகிறவர்கள். விட்டுவிட்டாள்.

சிலுவை பதில் சொன்னான். ஆனால் அவன் குரலுக்குப் பின்னால் மீன் ஏலம் கேட்டது. தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். காமிரா போட்டதே இல்லை.

"ஆனா தினமும் கேள்வி கேக்கிற ஒரே ஆளு அவருதானே மேடம்?"

"அங்கதான் சந்தேகமே. மத்த நாளெல்லாம் கேள்வி கேட்டே துளைக்கிற மனுசன், மூணாம் நாள் மட்டும் மூச்சு விடலை. அதுவும் என் வகுப்புல! ஆளு அங்க இல்லை, அவ்வளவுதான்."

ஜிபின் தலையைச் சொறிந்தான். "மூணாம் நாளை விட்டிருங்களேன் மேடம். அதைப் போயி என்னத்துக்குக் கிண்டணும்?"

"அது வேற, இது வேற. ஒரே ஊர்க்காரன்னு வரிஞ்சு கட்டிட்டு வாறியா?"

"அதில்லை மேடம். அடுத்த வாரம் அவருக்கு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. இந்தச் சான்றிதழ் இல்லேன்னா உள்ளயே விடமாட்டாவ. ஒம்பது வருசமாக் காத்துக் கிடக்காரு."

"காத்துக் கிடந்தா போதாது மக்கா. கிளாஸ்ல இருக்கணும்."

நிறைவு விழா தொடங்கியது. முதல்வர் குளோரி தன் அறையிலிருந்து திரையில் வந்து வாழ்த்தினார். நந்தனா வழக்கமான நாற்காலியில், புத்தக அலமாரியும் சுவர்க் கடிகாரமும் பின்னால் தெரிய உட்கார்ந்திருந்தாள். காமிராவுக்கு முன்னால் உட்காருமுன் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறதென்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அவள் நடத்திய முதல் நாள் பாடம்.

"சிலுவை சார், காமிராவைப் போடுங்க."

"நெட் இழுக்க மாட்டேங்கு மேடம். வீட்டுல சிக்னலே கிடையாது. கடற்கரைக்கு வந்தாத்தான்..."

"ஒரு நிமிசம் போடுங்க."

விட்டு விட்டு ஒரு முகம் தெரிந்தது. கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். மடியில் நோட்டுப் புத்தகம்.

"மூணாம் நாள் என் வகுப்புல இருந்தீங்களா?"

"இருந்தேன் மேடம். முழுசும் இருந்தேன். குறிப்பு எடுத்திருக்கேன்."

"குறிப்பை ஆருகிட்ட வேணும்னாலும் வாங்கலாம். அன்னைக்கு மட்டும் ஏன் ஒரு கேள்வியும் கேக்கலை?"

சிலுவை குனிந்து நோட்டைப் பார்த்தான்.

"ரெண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசியிருக்கேன் சார். நாம ஆசிரியருங்க. பசங்க ஏமாத்தினா கேக்குறோம். நாமளே ஏமாத்தலாமா?"

நூற்றிருபது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அல்லது அவர்களுடைய போன்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

குளோரி குறுக்கிட்டார். "சிலுவை சார், தக்க காரணம் இருந்தா எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க. இல்லேன்னா சான்றிதழ் தர முடியாது. உங்க இன்டர்வியூ விசயம் எனக்கும் தெரியும். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

சிலுவை ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு நந்தனாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"காரணம்னு ஒண்ணும் இல்லை மேடம்" என்றான். காமிரா அணைந்தது.

நந்தனாவுக்கு உள்ளுக்குள் ஒரே திருப்தி. பாவமாகக்கூட இல்லை.

"பாத்தியா?" என்றாள் ஜிபினிடம், மைக்கை அணைத்துவிட்டு. "என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?"

ஜிபின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்து நின்றது. அவளுக்கு மட்டும் தெரியும்படி சிலுவை அனுப்பியிருந்தான்.

"மேடம், அன்னைக்கு வகுப்பு காலைல பத்தரை மணிக்கு. உங்க பின்னால கடிகாரத்துல மணி நாலே முக்கால். கடிகாரம் ஓடிட்டும் இருந்து. முந்தின நாளே எடுத்து வச்ச வீடியோன்னு புரிஞ்சிட்டு. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தா, பதில் சொல்ல அங்க ஆளு இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிருக்கும். அதான் மேடம் கேக்கலை."