முதலில் மின்விசிறி

பத்து நாள் படப்பிடிப்புக்கு விட்ட தன் வீட்டைத் தில்லைநாயகி மகளின் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு இந்திப் பேய்ப்படம். கேமராவோடு சுற்றிய நான்கு இளைஞர்களும் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். கைநழுவி விழுந்த கேமரா தரையில் கிடந்தபடி காலிக் கூடத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது. மின்விசிறி மெல்ல நின்றது. விளக்கு அணைந்தது. எங்கோ சொட்டிக்கொண்டிருந்த குழாயும் ஓய்ந்தது.

"எல்லாம் கிராஃபிக்ஸ்தாம்மா, பயப்படாதே" என்றாள் மகள்.

"உங்கப்பா இருந்த வரைக்கும் இப்படித்தான்டி. எதுவும் வீணா ஓடினா பொறுக்காது, அவரே ஒவ்வொண்ணா நிறுத்திட்டு வருவாரு. முதல்ல ஃபேன், அப்புறம் லைட்டு, கடைசியா குழாய்."

மகள் ஊருக்குக் கிளம்பியதும், தில்லைநாயகி பட்டப்பகலில் அறை அறையாகப் போய் விளக்குகளைப் போட்டாள். குழாயைச் சொட்டவிட்டாள். கடைசியாக மின்விசிறியைச் சுழலவிட்டு, வேகம் குறைந்து இறக்கைகள் எண்ணும்படி தெரிகின்றனவா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.