பன்னிரண்டாவது வரி

புத்தகம் படிக்க உதவும் எங்கள் இலவச மென்பொருளை, ஒவ்வொரு முறையும் வெளியிடுவதற்கு முன் தன்னார்வலர்கள் பதினொரு பேர் சோதிப்பார்கள். அவர்களுடைய அறிக்கைகளைத் திரட்டுவது என் வேலை. பட்டியலின் பன்னிரண்டாவது வரி அண்ணனுடையது, அவனுடைய பழைய மடிக்கணினிக்கானது. அவன் இறந்து ஒரு வருடமாகிறது. இன்று மாலைக்குள் அறிக்கை வராவிட்டால் அந்த வரியை நீக்கிவிடச் சொல்லியிருந்தார்கள்.

நான்கு மணிக்கு வந்தது.

"ஓடுது குட்டி. எழுத்துதான் பொடிசா இருக்கு. அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிக்கறாங்க."

அலமாரியில் அவன் மடிக்கணினி பேட்டரி இல்லாமல் தூசி படிந்து கிடந்தது.

கூடத்தில் அம்மா தன் கணினித் திரையில் மூக்கு உரசப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி எங்கம்மா?"

"காலைல உடைச்சுட்டேன். திட்டுவியேன்னு சொல்லல. யாருடி போட்டுக்கொடுத்தது?"

எழுத்தைப் பெரிதாக்கினேன். மறுபடி சோதிக்கச் சொல்லிப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினேன்.